பழைய கணினியில் ஒரு பள்ளிச் சேவையகம்

‘நெட் இல்லை’ என்றதும் திரைவழிப் பாடம் நின்றுவிடுகிறது. ஆனால் வலையமைப்பு வேறு, இணையம் வேறு. வெளி இணைப்பு அறுந்தாலும் ரவுட்டருடன் இணைந்த கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும். பாடப்பொருள்களைப் பள்ளிக்குள்ளேயே ஒரு சேவையகத்தில் வைத்துவிட்டால் வகுப்பு தடைபடாது.

தேவையானவை

பயன்படுத்தாத ஒரு கணினி (64 பிட் செயலி, 2 ஜிபி ரேம் போதும்), வைஃபை ரவுட்டர், லேன் கேபிள், பென்டிரைவ். பள்ளிக் கணினி என்றால் தலைமையாசிரியரின் அனுமதி வேண்டும். நிறுவும்போது வன்தட்டில் உள்ளவை அழிந்துவிடும், முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை

1. டெபியன் லினக்ஸை நிறுவுங்கள். 1993இல் தொடங்கப்பட்டு, தன்னார்வலர்களால் வளர்க்கப்படும் இந்த இயங்குதளம் இலவசமானது. டெஸ்க்டாப்பைத் தவிர்த்து, எஸ்எஸ்எச் வசதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். பிறகு வேறொரு கணினியிலிருந்தே இதை இயக்கலாம். தனி மானிட்டர் தேவையில்லை.

2. ரவுட்டர் அமைப்பில் இக்கணினிக்கு மாறாத ஐபி முகவரி ஒன்றை ஒதுக்குங்கள். எடுத்துக்காட்டு: 192.168.1.10.

3. சாம்பா மென்பொருளை நிறுவிப் பொதுக் கோப்புறை ஒன்றை உருவாக்குங்கள். விண்டோஸ் கணினிகளிலும் அது தெரியும். ஆசிரியருக்கு எழுதும் உரிமையும் மாணவருக்குப் படிக்கும் உரிமையும் போதும்.

4. கிவிக்ஸ் மென்பொருளை நிறுவி, தமிழ் விக்கிப்பீடியாவின் தொகுப்புக் கோப்பை ஒருமுறை பதிவிறக்குங்கள். பிறகு வைஃபையில் இணைந்த கைபேசியின் உலாவியில் சேவையக முகவரியை இட்டாலே கட்டுரைகள் திறக்கும்.

வகுப்பறைச் செயல்பாடு

ரவுட்டருக்கு வரும் இணையக் கேபிளை மாணவர்கள் முன் கழற்றுங்கள். ‘இப்போது கட்டுரை திறக்குமா?’ என்று கேட்டு, ஊகங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். பிறகு திறந்து காட்டுங்கள். ‘இது எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்விக்கு மாணவர்களே கேபிள்களைப் பின்தொடர்ந்து விடை காணட்டும். வலையமைப்பின் படத்தை அவர்களே வரையட்டும்.

கவனத்திற்கு

பழைய வன்தட்டு எப்போது வேண்டுமானாலும் பழுதாகலாம். வாரம் ஒருமுறை வெளி வன்தட்டில் நகலெடுங்கள். அதைச் சேவையகத்துடனேயே இணைத்து வைக்காதீர்கள். மதிப்பெண், ஆதார் விவரங்களைப் பொதுக் கோப்புறையில் வைக்கவே கூடாது. வெளியிலிருந்து சேவையகத்தை அணுகும் வழியை ரவுட்டரில் திறக்காதீர்கள். மின்சுவிட்சை நேரடியாக அணைக்காமல், முறைப்படி நிறுத்துங்கள். இச்செயல்களை எழுதி கணினியின் மேல் ஒட்டிவிட்டால், நீங்கள் மாறுதலில் சென்றாலும் அடுத்து வரும் ஆசிரியர் அதைத் தொடர்ந்து நடத்துவார்.