கென்னா விருந்துக்கான தோரோ வாட்

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் ஜனவரி 7 அன்று கொண்டாடும் கிறிஸ்து பிறப்புத் திருநாள் கென்னா எனப்படும். அதற்கு முந்தைய 43 நாட்கள் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் ஆகியவற்றை விலக்கி நோன்பிருப்பதால், நோன்பு முடிக்கும் விருந்தின் தலையாய உணவாகிய தோரோ வாட் என்னும் கோழிக் குழம்பில், அதுவரை விலக்கப்பட்டிருந்த கோழியும் முட்டையும் நெய்யும் ஒருங்கே இடம்பெறுகின்றன. இதனை அறிந்து சமைப்போர் நெய்க்கு மாற்றாக எண்ணெய் ஊற்றவோ, வேகவைத்த முட்டைகளைத் தவிர்க்கவோ முற்படார்.

இக்குழம்பின் உயிர் வெங்காயத்தில் உள்ளது. ஏறத்தாழக் கோழியின் எடைக்கு நிகரான சிவப்பு வெங்காயத்தை மிகப் பொடியாக நறுக்கி, எண்ணெயோ நெய்யோ இல்லாத வெறும் பாத்திரத்தில் இட்டு, அடிப்பிடிக்கும்போது மட்டும் சிறிது நீர் தெளித்து, சிறு தீயில் ஒரு மணி நேரம் வரை கிளறிக் குழைய வைத்த பின்னரே நெய் சேர்க்கப்படுகிறது. எண்ணெய் காய்ந்த பிறகு வெங்காயம் போட்டுப் பழகிய கைக்கு இது கடினமே; ஆயினும் குழம்பின் திண்மையும் உள்ளார்ந்த இனிப்பும் இப்பொறுமையினாலேயே அமைகின்றன என்பதும், இந்நேரத்தைக் குறைத்தால் குழம்பு நீர்த்துப்போய் மிளகாயின் காரம் தனித்து நிற்கும் என்பதும் அனுபவம் உணர்த்துபவை. மிளகாய் வற்றல், வெந்தயம், ஓமம், இஞ்சி, பூண்டு முதலியன கலந்த பெர்பெரே என்னும் மசாலாவும், நறுமணப் பொருட்களுடன் உருக்கி வடித்த நித்தெர் கிப்பே என்னும் நெய்யும் முன்னரே ஆயத்தமாக இருத்தல் நலம். தேங்காய்ப்பாலும் கறிவேப்பிலையும் சேர்த்தால் நல்லதொரு கோழிக் குழம்பு கிடைக்கலாம். அது தோரோ வாட் ஆகாது.

குழம்புடன் உண்ணப்படும் இஞ்செரா, தெஃப் என்னும் மிகச் சிறிய தானியத்தின் மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாட்கள் புளிக்கவைத்து, அகன்ற கல்லில் ஊற்றி, மூடி, ஒருபுறம் மட்டுமே வேகவைக்கப்படும் மென்மையான அப்பமாதலால், மாவு கரைக்கும் வேலையைத் திருநாளுக்கு மூன்று நாட்கள் முன்பே தொடங்குதல் வேண்டும். மேற்பரப்பெங்கும் சிறு கண்கள் விழுவது மாவு நன்கு புளித்ததற்கு அடையாளம். அக்கண்களே குழம்பை உறிஞ்சிக்கொள்கின்றன. தெஃப் போதிய அளவு கிடைக்காதவிடத்துச் சோள மாவையோ கேழ்வரகு மாவையோ கலந்துகொள்வதில் குற்றமில்லை. எத்தியோப்பிய இல்லங்களிலும் தெஃப்புடன் பிற தானியங்களைக் கலக்கும் வழக்கம் உண்டு என்பதோடு, கேழ்வரகும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களிலிருந்தே இந்தியாவுக்கு வந்த தானியமாகும்.

பெரிய தட்டொன்றில் இஞ்செராவை விரித்து, நடுவே குழம்பையும் முட்டைகளையும் இட்டு, குடும்பத்தினர் அனைவரும் சுற்றியமர்ந்து கையால் கிள்ளி உண்பது மரபு. அன்பின் அடையாளமாக ஒருவர் மற்றவர்க்குக் கவளம் ஊட்டுவதை குர்ஷா என்பர். முதன்முறையாக இவ்விருந்தைச் சமைக்கும் குடும்பத்தார், வேறு பல உணவுகளைச் சேர்த்து உழைப்பைச் சிதறவிடாமல் தோரோ வாட், இஞ்செரா ஆகிய இவ்விரண்டை மட்டும் செம்மையாகச் செய்து, தனித்தட்டுகளைத் தவிர்த்து ஒரே தட்டில் பரிமாறுதல் வேண்டும்.