இணையத் தொலைபேசி: தகவல் ஒரு வழி, பேச்சு ஒரு வழி



பள்ளிப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். கம்ப்யூட்டர் சங்கதி எழுத இவர்களுக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். பட்ட பாடு எழுத வைக்கிறது.

எங்கள் பலசரக்கு மொத்தக் கடையில் பழைய லைன்களை எடுத்துவிட்டு, இன்டர்நெட் வழியாகப் பேசும் போன்களை வைத்தோம். கவுன்டரில் ஒன்று, கணக்கில் ஒன்று, குடோனில் ஒன்று. சில மாதம் குறையில்லை. ஒரு சனிக்கிழமை மாலை மோடம் பழுதாகி, வேறு மாட்டினார்கள். திங்கள் காலை போன் வழக்கம்போல் அடிக்கிறது. எடுத்தால் சத்தமே இல்லை. கவுன்டர் பையன் நாலைந்து தடவை "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு, "காலங்காத்தால எவன்டா விளையாடுறது, வைடா போனை" என்று வைத்துவிட்டான்.

அந்தப் பக்கம் இருந்தவர், இருபது வருஷமாக எங்களிடம் சரக்கு எடுக்கும் சாத்தூர்ப் பக்கத்து அண்ணாச்சி. அவர் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. நாங்கள் பேசியதோ அவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது! பருப்பு ஆர்டர் அன்றே வேறு கடைக்குப் போனது. மூன்றாம் நாள் வசூலுக்குப் போன கணக்குப்பிள்ளை வந்து சொன்னபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

மணி ஒழுங்காக அடித்தது. பேச்சு மட்டும் ஒரு பக்கம் வரவில்லை. இது எப்படி? இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் கீழே தருகிறோம்.

பழைய கதை

போனால் வியாபாரம் கைமாறுவது புதிதல்ல. அமெரிக்காவில் ஸ்ட்ரோஜர் என்பவர் ஈமச்சடங்குத் தொழில் செய்தவர். தனக்கு வரும் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுவதாகச் சந்தேகப்பட்டே, ஆள் இல்லாமல் தானே இணைக்கும் எக்ஸ்சேஞ்சை அவர் உருவாக்கினார் என்பார்கள். 1891இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் 1960இல் லக்னோ - கான்பூர் இடையே முதல் எஸ்.டி.டி. வந்தது. அதன் பிறகும் நம் ஊர்களில் டிரங்க் கால் புக் செய்து, கடை சாத்தும் வரை காத்திருந்தது மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும்.

"இன்ன நம்பரைக் கூப்பிடு", "மணி அடி", "பேசி முடிந்தது, துண்டி" என்று எக்ஸ்சேஞ்சுகள் தமக்குள் சொல்லிக்கொள்வதைச் சிக்னலிங் என்கிறார்கள். முன்பு பேச்சு போகும் அதே கம்பியில் ஒலிக் குறியாக இதுவும் போனது. அமெரிக்காவில் 2600 ஹெர்ட்ஸ் ஒலியைக் கருவியால் எழுப்பி, காசு கொடுக்காமல் டிரங்க் கால் பேசியவர்கள் உண்டு. பிறகு சிக்னலைப் பேச்சிலிருந்து பிரித்துத் தனிப் பாதையில் விட்டார்கள். ஏழாம் எண் சிக்னலிங் முறை 1980இல் உலகப் பொதுவிதியானது. இணையத் தொலைபேசியும் இந்தப் பிரிவினையைத்தான் பின்பற்றுகிறது.

தரகரும் சரக்கும்

இணையப் பேச்சுக்கு முதலில் வந்த பெரிய விதிமுறை ஹெச்.323. 1996இல் உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்டது. அடுத்து 1999இல் 'சிப்' என்ற எஸ்.ஐ.பி. வந்தது, 2002இல் திருத்திய பதிப்பு வெளியானது. ஹெச்.323இன் செய்திகளை இயந்திரம்தான் படிக்க முடியும். சிப் செய்தியோ கடிதம்போல எழுத்தில் இருக்கும். யாரிடமிருந்து, யாருக்கு என்று மனிதரே படிக்கலாம். பிழை கண்டுபிடிப்பது சுலபம். இன்று 4ஜி செல்போனில் பேசும் வோல்ட்டி அழைப்பும் சிப் முறையில்தான் நடக்கிறது.

நம் பாஷையில் சொன்னால் சிப் என்பது தரகர். வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைப்பார். சரக்கைத் தலையில் சுமக்கமாட்டார். பேச்சு என்னும் சரக்கை ஏற்றிச் செல்லும் லாரி வேறு. அதற்கு ஆர்.டி.பி. என்று பெயர். நடப்பது இதுதான்:

1. நம் போன் முதலில் 'ரிஜிஸ்டர்' என்று தரகரிடம் பதிவு செய்கிறது. வெளியூர் வியாபாரி வந்ததும், இன்ன லாட்ஜில் தங்கியிருக்கிறேன் என்று சொல்லி வைப்பது போல. குறித்த நேரத்துக்கு ஒருமுறை இதைப் புதுப்பிக்க வேண்டும்.

2. ஒருவர் கூப்பிட்டால் 'இன்வைட்' என்ற அழைப்பு வருகிறது.

3. '100' என்றால் முயற்சி நடக்கிறது, '180' என்றால் மணி அடிக்கிறது, '200' என்றால் எடுத்துவிட்டார்கள். '486' என்றால் வேறு பேச்சில் இருக்கிறார், '404' என்றால் அப்படி ஒரு நம்பரே இல்லை.

4. கூப்பிட்டவர் 'ஆக்' என்று ஒப்புதல் தருகிறார். பேச்சு ஓடத் தொடங்குகிறது.

5. வைத்தால் 'பை' போகிறது. கணக்கு முடிந்தது.

கோளாறு எங்கே?

இன்வைட்டிலும் 200இலும் ஒரு சிட்டை உள்ளே இருக்கும். எஸ்.டி.பி. என்பார்கள். "என் பேச்சுச் சரக்கை இந்த முகவரிக்கு, இந்த வாசலுக்கு அனுப்பு" என்று அதில் எழுதியிருக்கும். எங்கள் கடைப் பெட்டி அந்தச் சிட்டையில் 192.168 என்று தொடங்கும் உள்முகவரியை எழுதி அனுப்பியிருக்கிறது. இது கடைக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண். "உள் குடோன், மூன்றாம் அறை" என்று எழுதி ஊர், தெரு எழுதாமல் லாரியில் சரக்குப் போட்டால் எங்கே போய்ச் சேரும்? அண்ணாச்சியின் குரல் அப்படித்தான் காணாமல் போனது. அவர் பக்கத்துக் கம்பெனி சரியான வெளிமுகவரி கொடுத்திருந்ததால், எங்கள் பையன் திட்டியது மட்டும் சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

பழைய மோடத்துக்கு ஏற்ப வெளிமுகவரியைப் பெட்டியில் எழுதி வைத்திருந்தார்கள். மோடம் மாற்றியவர் அதைத் திரும்ப எழுதவில்லை. எழுதிய பிறகு, பேச்சு வரும் வாசல்களையும் மோடத்தில் திறந்துவிட்டார்கள்; பத்து நிமிஷ வேலை. 'வெளியிலிருந்து பார்த்தால் என் முகவரி என்ன?' என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் 'ஸ்டன்' என்ற முறையும் இருக்கிறது.

உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை

வேகம்: ஜி.711 என்ற சாதாரண முறையில் பேச்சு நொடிக்கு 50 சிறு பொட்டலங்களாகப் போகும். பேச்சு 64 கிலோபிட். மேலே ஒட்டும் முகவரிச் சீட்டுகளையும் சேர்த்தால் சுமார் 80 கிலோபிட். ஒரே நேரத்தில் ஐந்து பேர் பேசினால் போக 400, வர 400 வேண்டும். இன்டர்நெட் எடுக்கும்போது இறங்கும் வேகத்தை மட்டும் பார்க்காமல் ஏறும் வேகத்தையும் கேளுங்கள்.

கரண்ட்: பழைய லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். இதில் அப்படியில்லை. மோடத்துக்கும் பெட்டிக்கும் யு.பி.எஸ். அவசியம்.

திருட்டு: சிப் பொதுவாக 5060 என்ற வாசலில் காத்திருக்கும். உலகெங்கும் இருந்து திருடர்கள் அந்த வாசலைத் தட்டியபடி இருக்கிறார்கள். 1234 என்ற பாஸ்வேர்டு கல்லாப்பெட்டியில் சாவியை விட்டுப் போவதற்குச் சமம். உள்ளே புகுந்தவன் இரவோடு இரவாக அதிகக் கட்டண வெளிநாட்டு எண்களுக்குப் பேசுவான், பில் நமக்கு. நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் கம்பெனியிடம் எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுங்கள்.

சட்டம்: லைசென்ஸ் உள்ள நிறுவனத்திடம் மட்டுமே லைன் வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு யாரிடமும் போகவேண்டாம்.

கடைசியாக

பையனையும் அழைத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்கு நேரில் போனோம். நடந்ததைச் சொன்னோம். "உங்களுக்குக் கேக்கலைன்னே வச்சுக்கிடுவோம். கேக்காத ஆளை இப்படியா பேசுறது?" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. பையன் மன்னிப்புக் கேட்டான். காப்பி வரவழைத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் ஆர்டர் வந்தது.

இப்போது எங்கள் கவுன்டரில் ஒரு அட்டை மாட்டியிருக்கிறது. போன் எடுத்துச் சத்தம் வரவில்லை என்றால், "உங்க குரல் எங்களுக்குக் கேக்கலைங்க, நாங்க பேசுறது உங்களுக்குக் கேக்கலாம். தயவுசெய்து செல்லுக்குக் கூப்பிடுங்க" என்று சொல்லி, நம்பரை இருமுறை நிதானமாகச் சொல்லிவிட்டு வைக்க வேண்டும். உறுப்பினர்கள் தங்கள் கடைகளிலும் இப்படி எழுதி மாட்டிக்கொண்டால் நல்லது. அட்டைக்குச் செலவு பத்து ரூபாய்க்கு மேல் ஆகாது.