கூடாரம் போடும் முன் காலண்டர் பாருங்க!

நம்ம மதுரையிலிருந்து பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் வழியாக தனுஷ்கோடி சுமார் 190 கி.மீ. பாம்பன் பாலத்தில் நின்று பார்த்தால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான வடக்குக் கடலை ‘பெண் கடல்’ என்றும், அலை மிகுந்த தெற்குக் கடலை ‘ஆண் கடல்’ என்றும் மீனவர்கள் சொல்வார்கள்.

கடல்நீர் தினமும் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கும். இதுவே ஓதம். காரணம், நிலா மற்றும் சூரியனின் ஈர்ப்பு விசை. அமாவாசை, பௌர்ணமியில் சூரியன், பூமி, நிலா மூன்றும் நேர்கோட்டில் வருவதால் நீர் அதிகம் ஏறும். அஷ்டமியை ஒட்டி ஏற்றம் குறைவு. ஏறும் நேரமும் தினம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால நேத்து காய்ஞ்சு கிடந்த மணல், இன்னைக்கு அதே நேரத்தில் நனையலாம்!

கரையில் பாசியும் சிப்பியும் ஒதுங்கிய கோடுதான் தண்ணீர் வந்துபோன எல்லை. அனுமதி உள்ள இடத்தில், அந்தக் கோட்டுக்கு மேலே மேட்டில்தான் கூடாரம் போடணும்.

ஆனால் புயல் காலண்டரில் இருக்காது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் கடல் பொங்கி தனுஷ்கோடி ஊரே அழிந்தது. ரயிலும் பயணிகளோடு மூழ்கியது. எனவே கிளம்பும் முன் வானிலை அறிக்கையும் கேட்போம். அப்புறம் நிதானமா கடலை ரசிப்போம்!