நாணயமாற்றும் வட்டமும்

ஒரு நாணயத்தை வேறொரு நாணயமாக மாற்றுங்கால் நேரும் கழிவை நம் முன்னோர் ‘வட்டம்’ என்றனர். பொருளின் விலையை அறிந்தோர் பலர். வட்டத்தை அறிந்தோர் சிலரே.

சேர்வராயன் கோயில் விளங்கும் சேலத்து மலைகளில், 1820-ஐ ஒட்டிக் கலெக்டர் காக்பர்ன் காப்பிப் பயிரைப் புகுத்தினார். பின்வந்த தோட்டக்காரர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து 100 பவுண்டு விலையுள்ள இயந்திரம் வரவழைத்தார் எனக் கொள்வோம். 1873-க்கு முன் ரூபாய் ஒன்று ஏறக்குறைய 2 ஷில்லிங் பெற்றது. ஆதலின் 1,000 ரூபாய் போதும். வெள்ளி விலை வீழவே, 1892-ல் ரூபாய் ஏறக்குறைய 1 ஷில்லிங் 3 பென்ஸாக இறங்கிற்று. அதே இயந்திரத்திற்கு 1,600 ரூபாய் வேண்டும். விற்றவன் விலையை உயர்த்தவில்லை. வாங்கியவன் செலவோ உயர்ந்தது. தன் காப்பியை லண்டனில் விற்றவனுக்கோ இவ்வீழ்ச்சியே ஆதாயமாயிற்று.

நிற்க. இக்காலத்தில் அயல்நாட்டு நூலொன்றிற்குக் கடன் அட்டையால் 100 டாலர் செலுத்தும் மாணவன் நிலை என்னை? டாலர் 90 ரூபாய் எனவும், வங்கியின் மாற்றுக் கட்டணம் நூற்றுக்கு 3½ எனவும் கொள்வோம். 9,000 ரூபாயோடு 315 ரூபாய் கட்டணமும், அக்கட்டணத்தின்மேல் 18 விழுக்காட்டு வரியாக 56 ரூபாய் 70 காசும் சேரும். ‘ரூபாயிலேயே செலுத்துக’ என விற்போர் அழைப்பது எளிமைபோல் தோன்றினும், அவர் குறிக்கும் செலாவணி விகிதத்துள் வட்டம் மறைந்திருத்தல் கூடும்.

ஆதலின், அளந்து செலவிடுவோர் விலையை மட்டும் வினவாது, முடிவில் தம் கையினின்று கழியும் தொகையை வினவுதலே அறிவுடைமையாம்.