எந்தத் தண்ணீரில் எந்தக் கொசு? அக்கா சொல்லும் டிப்ஸ்

மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் மனசு நிறைந்துபோகும். ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டால் கொல்லைப்புறம் வரை ஈரம்தான். தண்ணீரால் வாழ்கிறோம், அதை எங்கே தேங்கவிடக்கூடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் அப்பாயிக்குக் கொசுவால் வரும் யானைக்கால் நோய். கும்பகோணம் பக்கம் ஒருகாலத்தில் இந்த நோய் ரொம்பச் சாதாரணம். கல்யாண வீடுகளில் அப்பாயி புடவையை இழுத்துவிட்டுக் காலை மறைத்தபடி ஓரமாகவே உட்காருவார். அதைப் பார்த்து வளர்ந்தவள் சொல்கிறேன், கேளு தங்கச்சி.

1. நல்ல தண்ணீர்: டெங்கு கொசு

ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். டிரம், சிமென்ட் தொட்டி, ஃபிரிட்ஜ் பின்தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி, கொட்டாங்குச்சி, பழைய டயர் எல்லாம் அதற்குப் பிரசவ வீடு. முட்டை கொசுவாக 8 முதல் 10 நாள் போதும். அதனால் வாரம் ஒருநாள் கட்டாயம் சுத்தம் செய். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை டிரம்மின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தேங்காய் நாரும் சோப்புத்தூளும் போட்டு அழுத்தித் தேய். காயவைத்து நிரப்பி, வாயைப் பழைய வேட்டியால் இறுகக் கட்டு.

2. சாக்கடைத் தண்ணீர்: யானைக்கால் கொசு

இது கியூலெக்ஸ், ராத்திரியில் கடிக்கும். செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாயில் நைலான் வலை கட்டு. மூடியில் விரிசல் இருந்தால் சிமென்ட் பூசு. பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் திருப்பிவிடு.

யானைக்கால் நோயைக் கட்டுப்படுத்த 1955-லேயே தேசியத் திட்டம் வந்தது. 1990-களின் பிற்பகுதியில் அதற்கான டி.இ.சி. மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. நிறைய பேர் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார்கள். 'எனக்குத்தான் கால் நன்றாக இருக்கிறதே' என்று நினைக்காதே. கொசுக்கடி வழியாக நோய்ப்புழு உடம்புக்குள் போய்க் கால் வீங்கப் பல வருஷம் ஆகும். நுண்புழுக்கள் ராத்திரியில்தான் ரத்தத்தில் அதிகம் சுற்றும். நாம் தூங்கும் நேரத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வந்து ரத்தம் எடுப்பது அதனால்தான். சலித்துக்கொள்ளாமல் கதவைத் திற.

3. வயல் தண்ணீர்: மூளைக்காய்ச்சல் கொசு

நடவு வயலில் வளரும் இன்னொரு வகை கியூலெக்ஸ், பன்றியிடமிருந்தும் கொக்கு நாரைகளிடமிருந்தும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலை மனிதருக்குக் கொண்டுவரும். வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் கொசுப்புழு குறையும், தண்ணீரும் மிச்சம். பிள்ளைகளைக் கொசுவலைக்குள் படுக்கவை. தடுப்பூசி பற்றிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேள்.

4. காய்ச்சல் வந்தால்

பாரசிட்டமாலைத் தவிர வேறு வலி மாத்திரை எதையும் நீயாகக் கொடுக்காதே. ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் டெங்குவில் ரத்தக் கசிவை அதிகமாக்கும். கஞ்சி, இளநீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் அடிக்கடி கொடு. காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடைந்துவிடாதே. அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தானது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவு, கை கால் சில்லிடுதல் இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. நிலவேம்புக் கஷாயம் கொடுத்தாயிற்று என்று காத்திருக்காதே.

5. வீட்டில் யானைக்கால் இருந்தால்

தினமும் காலைச் சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவு. விரலிடுக்கை மெல்லிய துணியால் ஒற்றி ஈரமில்லாமல் வை. வெடிப்பு, சேற்றுப்புண் இருந்தால் டாக்டரிடம் காட்டி மருந்து போடு. அந்த வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்துதான் அடிக்கடி காய்ச்சல் வந்து வீக்கம் கூடும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலைத் தலையணையில் உயர்த்தி வை. கணுக்காலை அசைக்கச் சொல். வயலுக்குப் போனாலும் செருப்போடு போகச் சொல்.

வீங்கிய கால் முழுசாகப் பழையபடி ஆகாவிட்டாலும், வலியும் நாற்றமும் குறைந்தால் அவர்கள் நாலு பேர் நடுவே வந்து உட்காருவார்கள். எங்கள் அப்பாயிக்கு இதைச் செய்ய வேண்டும் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கே ஒரு வாளித் தண்ணீர் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்.