கணினி நிரலும் கல்யாண வீடும்

கல்யாண வீட்டைக் காணாதவர் நம்மில் எவருமிலர். திருமணத்துக்குப் பல நாட்களுக்கு முன்பே பெரியவர்கள் அமர்ந்து, முதலில் எது, அடுத்து எது என்று வேலைகளை வரிசையாக எழுதுவார்கள். அழைப்பிதழ், பந்தல், சமையல், பந்தி என்று பட்டியல் நீளும். அத்துடன் முடிந்துவிடுகிறதா? இல்லை. உக்கிராண அறையின் சாவியைப் பெரியம்மாவிடம் ஒப்படைப்பார்கள். அரிசியானாலும் நெய்யானாலும் பெரியம்மாவைக் கேட்டே பெற வேண்டும். யாரும் உள்ளே புகுந்து தாமாக எடுக்கலாகாது. வேலைகளுக்கு வரிசை வேண்டும். பொருள்களுக்குப் பொறுப்பாளர் வேண்டும். கணினிக்கு நிரல் எழுதுவதிலும் இவ்விரண்டும் தேவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வேலைகளின் வரிசை

1968ஆம் ஆண்டு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கணினி வல்லுநர்கள் கூடி மாநாடு நடத்தினர். நிரல்கள் பெரிதாகப் பெரிதாக, குறித்த காலத்தில் முடியாமலும் பிழைகள் மலிந்தும் போவதை அங்கே கவலையோடு ஆராய்ந்தனர். அதே ஆண்டில் நெதர்லாந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா, நிரலுக்குள் நினைத்த இடத்துக்குத் தாவச் செய்யும் 'கோ டு' கட்டளையைக் கைவிட வேண்டும் என்று எழுதினார். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தல், நிபந்தனை பார்த்துத் தேர்ந்தெடுத்தல், திரும்பத் திரும்பச் செய்தல் ஆகிய மூன்றே போதும் என்னும் கருத்து வலுப்பெற்றது.

1974இல் ஸ்டீவன்ஸ், மயர்ஸ், கான்ஸ்டன்டைன் ஆகிய மூவர் கட்டமைப்பு வடிவமைப்பு முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். பெரிய வேலையைச் சிறு கூறுகளாகப் பிரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பிரித்தது சரிதானா என்று அறிய இரண்டு உரைகற்களும் அதில் உண்டு. ஒரு கூறுக்குள் உள்ளவை யாவும் ஒரே நோக்கத்துக்கு உதவுகின்றனவா? இதை உள்ளிணக்கம் என்போம். இது மிகுந்திருக்க வேண்டும். ஒரு கூறு பிற கூறுகளை எவ்வளவு நம்பியிருக்கிறது? இதைப் பிறசார்பு என்போம். இது குறைந்திருக்க வேண்டும்.

பொறுப்பின் சாவி

நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் டால், நைகார்ட் என்னும் இருவர் 1967இல் 'சிமுலா 67' என்ற நிரல்மொழியை உருவாக்கினர். விவரத்தையும் அதைக் கையாளும் செயல்களையும் சேர்த்து ஒரே 'பொருளாக' அமைக்கும் வழி அதில் பிறந்தது. இதுவே பொருள்நோக்கு நிரலாக்கத்தின் தொடக்கம். 1972இல் பார்னஸ் என்ற அறிஞர், பின்னாளில் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் மறைத்து வைக்க வேண்டும் என்று எடுத்துக்காட்டினார். பெரியம்மாவின் சாவி இதுவே அன்றோ!

இத்துறையில் பெண்களின் பங்கு சிறிதன்று. அமெரிக்காவில் பார்பரா லிஸ்கோவ் அம்மையார் 1970களில் 'க்ளூ' என்னும் நிரல்மொழியை உருவாக்கினார். 2008ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. 'ஸ்மால்டாக்' மொழியை உருவாக்கிய குழுவில் ஏடல் கோல்ட்பர்க் அம்மையார் முன்னணியில் நின்றார்.

நாங்கள் செய்த தவறு

படித்தது போதாதென்று பட்டும் அறிந்தோம். நம் பள்ளி நூலகத்துக்காக மேல்நிலை வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஒரு நிரல் எழுதினோம். புத்தகம் கொடுத்தல், திரும்பப் பெறுதல், அபராதம் கணக்கிடுதல், ரசீது அச்சிடுதல், மாதப் பட்டியல் எடுத்தல் என வேலைகளை வரிசையாகப் பிரித்தோம். நன்றாகவே ஓடியது.

பிறகு, விடுமுறை நாட்களுக்கு அபராதம் வேண்டாம் என்று நூலகப் பொறுப்பிலுள்ள சிஸ்டர் விதியை மாற்றினார்கள். தாமதமான நாட்களை எண்ணும் கணக்கை எங்கள் நிரலில் நான்கு இடங்களில் தனித்தனியே எழுதியிருந்தோம். மூன்று இடங்களில் திருத்தினோம், ரசீதில் மறந்தோம். அரையாண்டு விடுமுறை முடிந்து வந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பத்து ரூபாய் செலுத்திவிட்டுச் சென்றாள். உண்மையில் அவள் ஒரு ரூபாய்கூடத் தரவேண்டியதில்லை. மாதப் பட்டியலைப் பார்த்த சிஸ்டர் அவளை அழைத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். "அப்போதே ஏனம்மா சொல்லவில்லை?" என்று கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும், சிஸ்டர்" என்றாள். நாங்கள் தலைகுனிந்தோம்.

வரிசை முறையின்மேல் பழி போட முடியாது. ஒரே கணக்கை நான்கு இடங்களில் எழுதியது அம்முறைக்கும் மாறானதே. வேலைகளை ஒழுங்காகப் பிரித்தோம். 'நாட்கள்' யாருடைய பொறுப்பு என்று கேட்க மறந்தோம்.

உடனே எல்லாவற்றையும் பொருள்களாக மாற்றினோம். 'நூலகம்' என்று ஒரு பொருளை அமைத்து, அனைத்தையும் அதனுள் திணித்தோம். ஆசிரியை அதைப் பார்த்து, "பெயர்தான் புதிது, குழப்பம் பழையது" என்றார்கள். 1974ஆம் ஆண்டின் உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். ஒரே கூறுக்குள் பல நோக்கங்கள். உள்ளிணக்கம் சிறிதும் இல்லை!

இரண்டையும் இணைக்கும் வழி

அறிஞர்களும் இவ்வாறு இணைத்தே பார்த்திருக்கிறார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரம்பாவும் அவருடைய தோழர்களும் 1991இல் ஒரு நூலை வெளியிட்டனர். எந்தப் பொருள்கள் உள்ளன, அவை காலப்போக்கில் எவ்வாறு மாறுகின்றன, விவரம் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என மூன்று கோணங்களில் படம் வரையச் சொன்னார்கள். மூன்றாவது படம் பழைய கட்டமைப்பு முறையிலிருந்து வந்ததே. எங்கள் இரண்டாம் முயற்சியில் நாங்கள் பின்பற்றிய படிகள் வருமாறு:

1. முதலில் விவரத்தின் ஓட்டத்தை வரைந்தோம். புத்தகம் திரும்புகிறது, கெடு நாள் பார்க்கப்படுகிறது, தாமதம் எண்ணப்படுகிறது, அபராதம் பிறக்கிறது, ரசீது வெளிவருகிறது.

2. அடுத்து, எந்த விவரம் யாருக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டோம். புத்தகம், உறுப்பினர், இரவல், நாட்காட்டி என நான்கு பொருள்கள் கிடைத்தன.

3. ஒவ்வொரு வேலையையும், அதற்குரிய விவரத்தை வைத்திருக்கும் பொருளிடமே ஒப்படைத்தோம். விடுமுறை நாட்கள் நாட்காட்டிக்கு மட்டுமே தெரியும். கெடு நாளை அறிந்த இரவல், "எத்தனை நாள் தாமதம்?" என்று அதனிடம் கேட்டு அபராதத்தைக் கணக்கிடும். ரசீதும் பட்டியலும் அந்த விடையையே அச்சிடும்.

4. பொருளுக்குள் இருக்கும் செயல் ஒவ்வொன்றையும் தாவல் இல்லாமல், வரிசை, தேர்வு, மீள்செயல் என்ற மூன்றால் எழுதினோம்.

5. இறுதியில் இரண்டு உரைகற்களாலும் சோதித்தோம்.

இவ்வாண்டு பெருமழையால் எதிர்பாராத விடுமுறை வந்தபோது, நாட்காட்டியில் ஒரே ஓர் இடத்தில் அந்நாளைச் சேர்த்தோம். ரசீது, பட்டியல் யாவும் தாமாகவே சரியாயின. எந்தச் சிறுமியும் தேவையின்றிப் பணம் செலுத்தவில்லை.

தோழியரே, புதிய முறை வந்ததும் பழையதை எறிந்துவிடுவது அறிவுடைமை ஆகாது. பழையதே போதுமென்று இருந்துவிடுவதும் நன்றன்று. நிரல் எழுத அமரும்போது இரண்டு கேள்விகளையும் கேட்போம்: வேலை எந்த வரிசையில் நடக்கிறது? சாவி யாரிடம் இருக்கிறது? கணினி சொல்வதை அப்படியே நம்பிப் பணத்தை எடுத்து நீட்டும் சிறு கைகள் நம்மைச் சுற்றிலும் உண்டு. அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பாளர் கணினியல்ல, அதற்கு நிரல் எழுதும் நாமே.