லடாக் போகும் டிரெய்லர் கட்டும் தம்பிக்கு

அன்புத் தம்பி,

காருக்குப் பின்னால் லடாக் வரை இழுத்துப் போக ஒரு கேம்பர் டிரெய்லர் கட்டித் தரச் சொல்லி உனக்கு ஆர்டர் வந்திருப்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். உறைபனியே பார்க்காத ஊரில் உட்கார்ந்து அதை எப்படிக் கட்டுவது என்று தயங்காதே. 2020 குளிர்காலத்தில் கிழக்கு லடாக்கில் நின்ற டி-72, டி-90 டாங்கி ரகங்கள் நம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் கட்டப்பட்டவைதான். அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைக்காரர்களுக்கு ஐஸ்கிரீம் வண்டிக்கு பாடி கட்டுவதும் பழகிய வேலை. ஆனால் இந்தப் பெட்டிக்குள் மனிதர்கள் படுத்து மூச்சு விடுவார்கள். நீ எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அதையொட்டியே இருக்க வேண்டும்.

முதலில் சுவர். பஃப் (பாலியூரித்தேன் நுரை) பேனலைத் தடிமனாகப் போட்டால் போதும் என்று நினைக்காதே. இரும்பு பஃப்பைவிடச் சுமார் 2,000 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். ஃபிரேமின் சதுரக் குழாய் ஒன்று வெளித்தகட்டையும் உள்தகட்டையும் சேர்த்துத் தொட்டால், அந்தக் கோடு நெடுகிலும் உள்பக்கம் வியர்க்கும், விடிவதற்குள் உறைந்தும் போகும். குழாய்க்கும் உள்தகட்டுக்கும் நடுவே மரைன் பிளைவுட் பட்டை கொடு. இரண்டு தகட்டையும் துளைத்துப் போகும் ரிவெட் ஒன்றுகூட வேண்டாம்.

அடுத்தது ஈரம். சென்னையில் ஓடும் குளிர்வண்டிக்கு ஈரம் வெளியிலிருந்து உள்ளே நுழையப் பார்க்கும். அதனால் வெளி மூட்டுகளை அடைப்பதிலேயே நம் கவனமெல்லாம் இருக்கும். லடாக்கின் லே நகரில் இது தலைகீழ். மூச்சிலும் சமையலிலும் எழும் ஆவி உள்ளிருந்து சுவருக்குள் புகும். எனவே உள்பக்க மூட்டுகளுக்கு இடைவெளியில்லாமல் சீலன்ட் போடு. கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகக் காற்றுத் துளை வை. குளிருகிறதே என்று யாரும் மூடிவிட முடியாதபடி அவை இருக்க வேண்டும்.

உள்ளே அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காயும் வழக்கம் உயிரைக் குடித்துவிடும். காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையை வெளியிலேயே விடும் டீசல் ஹீட்டர் பொருத்து. உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்து ஹீட்டரில் கரி படியும். உயரத்துக்கேற்ப எரிபொருளைக் குறைத்துக்கொள்ளும் மாடலாகப் பார்த்து வாங்கு. மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 முதல் லடாக்கில் விற்கிறது. வண்டிக்காரரிடம் அதைச் சொல்லி அனுப்பு. சமையல் சிலிண்டரில் உள்ள பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை நெருங்கும்போதே ஆவியாக மறுக்கும், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்றும் சொல். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரிந்து குழாயைப் பிளக்கும். டேங்க், பைப், லித்தியம் பேட்டரி மூன்றும் பஃப்புக்கு உள்ளே இருக்கட்டும். குழாயின் ஆகத் தாழ்ந்த இடத்தில் வடிகால் குழாய்முனை ஒன்று வை.

கரடுமுரடான பாதைக்கு எடைதான் எதிரி. டிவி, ஷவர் என்று வாடிக்கையாளர் அடுக்கினால் தயங்காமல் மறுத்துவிடு. சக்கரமும் டயரும் இழுக்கும் காருக்கு உள்ள அளவே இருந்தால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவும். உடைந்தால் எந்த ஊர்ப் பட்டறையிலும் சரிசெய்யலாம் என்பதால் கமான்பட்டையே நல்லது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது காரின் கொக்கியில் அழுந்த வேண்டும். பின்பாரம் கூடினால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். தகட்டை வெட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவு விவரங்களைக் கேட்டுக்கொள்.

வேலை முடிந்ததும் தண்ணீர் நிரப்பி, முழு பாரத்தோடு கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் ஏற்றி இறக்கி, யு போல்ட்டுகளைத் திரும்ப முறுக்கு. பிறகு உறைபனி விழும் ஒரு ஜனவரி இரவில் ஊட்டியில் நீயே அதில் படு. காலையில் உள்சுவரை மூலைமுடுக்கெல்லாம் கையால் தடவிப் பார். ஈரம் தட்டுப்படும் இடமெல்லாம் பிரித்துத் திருத்த வேண்டிய இடம். அதைத் திருத்தாமல் பாக்கிப் பணத்தை வாங்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்